ஒருசந்தி

கத்தோலிக்கருக்குத் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று அம்மாச்சி வீட்டு அடுப்பு ஒரு தடவைதான் புகையும். காலையில் இட்லி கேட்டுப் போய் நின்றால், "இன்னைக்கு ஒருசந்திடா. அது பெரியவங்களுக்கு. நீ போய்ப் பழைய சோத்தக் குடி" என்பார். நண்பகல் மணி அடித்து மூவேளை செபம் முடிந்ததும் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை. இரவில் ஒரு தம்ளர் நீராகாரம். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றுமில்லை.

ஒருசந்தி கோயில் குருக்கள் உண்டாக்கிய சொல் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது கிறித்தவர் அல்லாதவர்களிடமும் ஊரில் புழங்கும் சொல். அமாவாசைக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைக்கும் ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருப்பவர்கள் இன்றும் அதை ஒருசந்தி என்பார்கள். ஒருபொழுது என்பதும் உண்டு. தெலுங்கில் ஒக்கபொத்து. அதுவும் ஒருபொழுதேதான்.

சந்தி வடமொழி, கூடும் இடம், கூடும் நேரம். தெருக்கள் கூடினால் முச்சந்தி, இரவும் பகலும் கூடினால் சந்தி வேளை. அந்த வேளைகளில் வழிபாடு நடந்ததால் வழிபாட்டு நேரத்துக்கே அது பெயராயிற்று. சிவன் கோயில்களில் காலைப் பூசையைக் காலசந்தி என்கிறோம். சாமிக்குப் பூசையை எண்ணிய சொல்லே அடியாருக்குச் சோற்றையும் எண்ணியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பாவிலும் ஒரு செபத்தின் பெயர் இப்படிச் சாப்பாட்டோடு கட்டுண்டு கிடந்தது. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் 3 மணி வாக்கில், துறவிகள் சொல்லும் செபத்துக்கு இலத்தீனில் நோனா என்று பெயர். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின்படி, நோன்பு நாள்களில் அந்த நேரம்வரை சாப்பாடு கிடையாது. பசி சும்மா இருக்குமா? சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தது. செபமும் கூடவே நகர்ந்தது. கடைசியில் நண்பகலுக்கு வந்து நின்றது. ஆங்கிலேயர் பகல் 12 மணியை 'நூன்' என்பது இந்த நோனாவைத்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. மாலையில் மடங்களில் காசியன் என்ற துறவியின் 'கொலாட்சியோனெஸ்' என்ற உரையாடல் நூலை வாசிப்பார்கள். அந்த வேளையில் ஒரு மிடறு பானமும், பிறகு ஒரு வாய் பண்டமும் அனுமதிக்கப்பட்டன. நூலின் பெயர் பண்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. இன்று இத்தாலியில் காலைச் சிற்றுண்டிக்கே கொலாட்சியோனே என்று பெயர். பாவம், காசியன்!

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இன்று கேட்பதும் ஒருசந்தியைத்தான். 1966இல் திருத்தந்தை 6ஆம் பவுல் வெளியிட்ட ஆவணம், நோன்பு நாளில் ஒரு முழுச் சாப்பாடு, காலையும் மாலையும் சிறிதளவு என்று வரையறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி 18 வயது நிறைந்தது முதல் 60ஆம் வயது தொடங்கும்வரை இது கடமை. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் அதற்குரிய நாள்கள். அப்படியிருக்க, இதை 'உண்ணாநோன்பு' என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்? உண்கிறோமே! சீர்திருத்தச் சபையார் சொல்லும் உபவாசம் அழகான சொல். அருகில் வசித்தல் என்பது அதன் நேர்ப்பொருள், செபத்துக்கு நன்றாகவே இசைகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் நோன்பு என்கிறது. அதிலும் குறையில்லை. ஆனால் இரண்டும் தட்டில் என்ன விழுந்தது என்று சொல்வதில்லை. ஒருசந்தி சொல்லிவிடுகிறது: ஒருவேளை சாப்பிட்டேன்.

இந்த ஒப்புதல்தான் எனக்குப் பிடித்தது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு, நோன்பிருக்கும்போது முகத்தை வாடவிடாமல் தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவச் சொல்கிறார். பட்டினி வெளியே தெரியக்கூடாது. தன் தவத்தைப் பெரிதாக்கிக் காட்டாத கூச்சம் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஒருசந்தியின் ஜோடிச் சொல்லான சுத்தபோசனத்துக்கு என்னால் இப்படிப் பரிந்து பேச முடியாது. இறைச்சி தவிர்ப்பதற்கு வைத்த பெயர் அது. இறைச்சி அசுத்தம் என்று திருச்சபை சொன்னதே இல்லை. நல்லதென்று தெரிந்த ஒன்றை மனமறிந்து விடுவதில்தான் ஒறுத்தல் இருக்கிறது. சட்டம் மீனைத் தடுக்கவுமில்லை. ஆனாலும் கவிச்சி வாடையே கூடாது என்று மீன் சட்டியையும் பரணில் ஏற்றிவிடுவார் அம்மாச்சி. கறி தின்பவர் தாழ்ந்தவர் என்ற நம் ஊர்ப் பார்வை அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

பங்கு நாட்காட்டி அச்சடிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சுத்தபோசனத்தை எடுத்துவிட்டு 'இறைச்சி விலக்கு' என்று போடுங்கள். ஒருசந்தி மட்டும் அப்படியே இருக்கட்டும்.