குறி தவறும் துப்பாக்கியும் பட்டைப் பதத் தோலும்

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் தோல் ஊர்களின் வரலாறு பெரும்பாலும் காலணி, ஏற்றுமதி, ஆற்று மாசு ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்பட்டு வந்திருக்கிறது. காற்றையும் நீரையும் கசியவிடாமல் அடைக்கும் பொறி உறுப்பாகவும் தோல் நெடுங்காலம் உழைத்தது என்பதும், கிணற்றடிக் கைப்பம்பு, சைக்கிள் பம்பு, ஸ்டவ் பம்பு முதல் காற்றுத் துப்பாக்கி வரை பல கருவிகள் தோலின் பதத்தை நம்பியே இயங்கின என்பதும் அவ்வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. ஸ்கோப் எனப்படும் குறிநோக்கித் தொலைநோக்கியைப் பொருத்திய ஏர் ரைஃபிள் குறி தவறத் தொடங்கினால் பழி முதலில் ஸ்கோப்பின் மேல் விழுகிறது. பழைய துப்பாக்கிகளில் உண்மைக் காரணம் பல வேளைகளில் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு தோல் வாஷராகவே இருந்தது.

ஒரு குறிப்பிட்ட தொலைவில் ஸ்கோப்பின் குறுக்குக்கோடுகள் காட்டும் புள்ளியிலேயே குண்டு படுமாறு திருகுகளால் சரிசெய்வதை ஜீரோ செய்தல் என்பர். குண்டு சுடுந்தோறும் ஒரே வேகத்தில் புறப்படும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தச் சரிசெய்தல் நிற்கிறது. நொடிக்குச் சராசரியாக 170 மீட்டர் வேகத்தில் 25 மீட்டரைக் கடக்கும் ஈயக் குண்டு, வழியில் புவியீர்ப்பால் ஏறத்தாழ 10.6 செ.மீ. தாழ்கிறது, சராசரி வேகம் 150 மீட்டராகக் குறைந்தால் தாழ்வு 13.6 செ.மீ. ஆகிவிடுகிறது. ஒரு கிளிக்குக்குக் கால் நிமிடக் கோணம் நகரும் ஸ்கோப்பில், அதாவது 25 மீட்டரில் ஒவ்வொரு கிளிக்குக்கும் 1.8 மி.மீ. அளவே நகரும் ஸ்கோப்பில், இந்த 3 செ.மீ. வேறுபாடு சுமார் 17 கிளிக்குகளுக்குச் சமம். வாஷர் கசிந்து வேகம் குறைந்ததை அறியாதவர் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். கசிவோ நாளுக்கு நாள் மாறுவதால் எந்தத் திருப்பமும் நிலைக்காது.

காற்றைத் தோலால் அடைக்கும் வழக்கம் ஸ்கோப்பைவிடப் பழையது. ஆஸ்திரியப் படை 1780 வாக்கில் ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கியில், பின்கட்டையாகவே அமைந்த இரும்புக் கலத்தில் காற்று அடைக்கப்பட்டது. அதன் தோல் அடைப்புகளை ஈரமாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. சுருள்வில்லால் உந்துதண்டைத் தள்ளிக் காற்றை அழுத்தும் துப்பாக்கிகள் பின்னர் பரவின. லிங்கன் ஜெஃப்ரிஸ் வடிவமைத்த ரைஃபிளை பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனம் 1905 முதல் பெருமளவில் உருவாக்கியது. இத்தகைய துப்பாக்கிகளில் உந்துதண்டின் முனையில் கிண்ண வடிவத் தோல் வாஷர் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் உந்துதண்டு பாய, அழுத்தப்பட்ட காற்று கிண்ணத்தின் விளிம்பை உருளையின் சுவரோடு சேர்த்து நெருக்கி, தானே தன் கசிவை அடைத்துக்கொள்ளும்.

அந்த விளிம்பு வளைந்துகொடுக்க வேண்டுமானால் தோலில் எண்ணெய்ப் பசை இருக்க வேண்டும். மாதக்கணக்கில் சுடாமல் வைத்த துப்பாக்கியில் தோல் உலர்ந்து சுருங்குகிறது. வேலூர்ப் பகுதியின் அக்னி நட்சத்திர வெயில் அதை விரைவுபடுத்தும். எண்ணெய் மிகுந்தால் வேறொரு கேடு உண்டு: அழுத்தத்தால் சூடேறும் காற்று எண்ணெய் ஆவியைப் பற்றவைத்து, டீசல் எஞ்சினில் நிகழ்வதுபோலவே வெடிக்கச் செய்து, குண்டை மேலே எறிவதோடு சுருள்வில்லையும் முறித்துவிடக்கூடும். குண்டுத் துளைகள் தாளில் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் சிதறினால் வேகம் மாறுகிறது என்று பொருள். அதற்கு அடைப்பைத்தான் முதலில் ஐயுற வேண்டும். எல்லாத் திசையிலும் அலைந்தால் ஸ்கோப்பின் வளையத் திருகுகள், பிடிமானம், உள்ளமைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வில் துப்பாக்கி முதலில் பின்னோக்கியும், உந்துதண்டு மோதி நிற்கும்போது முன்னோக்கியும் உதறுவதால், சாதாரணத் துப்பாக்கிக்கென அமைந்த ஸ்கோப்புகள் இதில் கெடுவதும், பிடிமானம் பின்னுக்கு வழுக்குவதும் வழக்கமே.

நல்ல வாஷருக்கு வேண்டிய குணங்கள் தோல் ஷாப் எனப்படும் தோல் பதனிடும் கூடத்தில்தான் உருவாகின்றன. மாட்டுத்தோலின் வயிற்றுப்பகுதி தளர்ந்து நீளும் தன்மையது என்பதால், அடர்ந்த முதுகுப்பகுதியிலிருந்தே வட்டம் வெட்டுவார்கள். அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி, அச்சிலேயே உலரவிட்டு, விளிம்பைச் சீவிய பிறகு கொழுப்பெண்ணெய் ஊட்டுவார்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் இப்படி வார்த்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்; குரோமிய உப்பில் பதனிட்ட தோல் வெப்பத்தை மிகுதியாகத் தாங்கினாலும் பழைய வடிவத்துக்கே மீள முயலும்.

வட ஆர்க்காட்டுத் தோல் ஷாப்புகள் இந்தப் பட்டைப் பதத்தைக் கலையாகவே வளர்த்தன. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் கழிந்து, சதை சீவப்பட்ட தோல், ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடந்து பதமேறும். ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சத்தில் சிவந்துவிடும் இயல்புடையதாகையால் கடுக்காய்க் கரைசலில் மீண்டும் ஊறவைத்து அதைத் தடுத்தார்கள். இறுதியில் புங்க எண்ணெய் போன்றவற்றைத் தேய்த்தார்கள். ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயரில் இலண்டன் சந்தையில் விலைபோன இத்தோல்கள் மெல்லியவை என்பதால் பெரும்பாலும் காலணிக்கும் புத்தகக் கட்டுக்கும் பயன்பட்டன. ஆயினும் எண்ணெயும் ஈரமும் தோலில் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை விரலால் மடக்கிப் பார்த்தே அறியும் தேர்ச்சி வாஷருக்கும் இத்தோல்களுக்கும் பொதுவானது. இத்தோல் வணிகம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பெயரால் அறியப்படுகிறது. சுண்ணாம்பில் கை வெந்த தொழிலாளர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர், அவர்களின் பெயர்கள் ஏடுகளில் ஏறாமல் போனது இத்துறை வரலாற்றின் பெருங்குறை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் குரோம் பதத்தைப் பரப்ப முயன்றார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் வளர்ந்தது. 1970களில் அரைகுறைப் பதத்தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியதும் முழுமையான தோலும் காலணியும் முதன்மை பெற்று, வாரக்கணக்கில் காத்திருக்கும் பட்டைத் தொட்டிகள் அருகின. அதே காலத்தில் துப்பாக்கி நிறுவனங்களும் செயற்கை அடைப்புகளுக்கு மாறின. பாலாற்றைக் கெடுத்த கழிவுநீரைக் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியது. அந்தக் கண்டிப்பு மிகவும் தேவையானது.

பழைய ரைஃபிள்களைச் செப்பனிடுவோர் தோல் வாஷரை இன்றும் தேடுகிறார்கள். பட்டைத் தொட்டியின் பதத்தைக் கையால் கற்ற முதியவர்கள் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும்போதே, எந்த நாளில் எந்தச் சாறு, எத்தனை நாள் ஊறல், எவ்வளவு எண்ணெய் என்ற அவர்களுடைய அறிவு அவர்களின் பெயர்களோடு எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும்; ஆராய்ச்சி நிறுவனங்களும் இப்பகுதிக் கல்லூரிகளும் இப்பணியை ஏற்க வேண்டும்.