காத்தலும் வைத்தலும்: ஒரு சொற்பொருள் வரலாறு

1. டாலிகஞ்ச்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள டாலிகஞ்ச் வில்லியம் டாலி என்னும் ஆங்கிலப் படை அலுவலரின் பெயரைத் தாங்கியது. தூர்ந்து கிடந்த ஆதிகங்கையின் தடத்தை 1775-77ஆம் ஆண்டுகளில் தூர் வாரி, படகுகள் செல்லும் கால்வாயாக்கியவர் அவர். பெயரின் ஈற்றிலுள்ள 'கஞ்ச்', பாரசீகத்தில் கருவூலத்தைக் குறிப்பது. இந்திய மொழிகளில் அது பண்டகசாலை, சந்தை எனப் பொருள் விரிந்தது. இதன் மூலமாகிய பழைய ஈரானியச் சொல்லே கிரேக்கத்தின் வழியாக இலத்தீனில் 'காஸா' எனப் புகுந்து செல்வத்தைக் குறித்தது. சேமித்துக் காத்தல் என்னும் கருத்து மொழி எல்லைகளைக் கடந்து செல்வதற்கு இது ஒரு சான்று.

2. இலத்தீனும் ஆங்கிலமும்

இலத்தீனில் இக்கருத்தைப் பல வினைகள் பகிர்ந்துகொண்டன. 'செர்வாரே' பேணுதலையும், 'தெனேரே' பற்றியிருத்தலையும், 'குஸ்தோதிரே' காவல் புரிதலையும் உணர்த்தின. பிரிசர்வ், ரிட்டெய்ன், கஸ்டடி முதலிய ஆங்கிலச் சொற்கள் முறையே இவற்றின் வழிவந்தவை. 'கீப்' என்பதோ இலத்தீன் வழியதன்று. எனினும் கி.பி. 1000ஐ ஒட்டி, 'நோக்கிக் காத்தல்' எனப் பொருள்படும் 'ஒப்செர்வாரே'யை மொழிபெயர்க்க அச்சொல் எடுத்தாளப்பட்டது. பின்னர் இலத்தீன் வினைகளின் பொருள்கள் பலவும் அதன்மேல் ஏறின. சொல் கடன் வாங்கப்படவில்லை. பொருளே கடன் வாங்கப்பட்டது எனலாம்.

இதனை விவிலிய மொழிபெயர்ப்புகளில் தெளிவாகக் காணலாம். கட்டளைகளைக் கடைப்பிடித்தல், சகோதரனுக்குக் காவலனாதல், மரியாள் செய்திகளை உள்ளத்தில் இருத்துதல் ஆகிய மூன்றிடத்தும் ஆங்கிலம் 'கீப்' என்னும் ஒரே வேரை ஆள்கிறது. இலத்தீன் 'செர்வாரே', 'குஸ்தோஸ்', 'கொன்செர்வாரே' என்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்போ கைக்கொள்ளுதல், காவலாளி, வைத்தல் எனப் பிரித்தாள்கிறது.

3. வங்காளமும் தமிழும்

வங்காளத்தில் 'ராகா' என்னும் வினை, காத்தலைக் குறிக்கும் வடமொழி 'ரக்ஷ்' என்பதன் வழிவந்தது. இன்று அது வைத்தலையும் குறிக்கும். 'கதா ராகா' என்பது சொல்லைக் காப்பாற்றுதல். 'மனே ராகா' என்பது நினைவில் வைத்தல். 'நாம் ராகா' என்பது பெயர் வைத்தல். ஆங்கிலத்தைப் போன்றே வங்காளமும் இரு பொருள்களை ஒரு வினையில் அடக்கியுள்ளது. எனினும் பெயர் வைத்தலுக்கு ஆங்கிலம் 'கீப்' என்பதை ஆளாமை நோக்கத்தக்கது. தமிழிலோ 'கா', 'வை' என்னும் இரண்டும் தனித்தனி வேர்கள். வாக்கைக் காப்பாற்றுகிறோம், பெயரை வைக்கிறோம்.

4. மொழிபெயர்ப்பாளர்க்கு

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 'கஸ்டடி' என்னும் சொல் ஆங்கிலச் சட்ட வழக்கில் கைதிக்கும் உரியது. பெற்றோர் பிரிந்த குழந்தைக்கும் உரியது. கைதியைக் குறிக்குமிடத்துக் 'காவல்' பொருந்தும். குழந்தைக்கும் அதனையே எழுதினால், தாயிடம் வளரும் பிள்ளை சிறைப்பட்டதாகத் தொனிக்கும். ஈண்டுப் 'பொறுப்பு' என்பதே தகும். அகராதி தரும் முதற்பொருளை எடுத்துவைப்பதற்கு முன், யார் எதனை எதற்காகக் காக்கிறார் என்று வினவுதல் மொழிபெயர்ப்பாளரின் கடனாகும்.