நாலு கம்பியில் என்ன பாட்டு வரும்?



சென்ற மாதம் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நடைபெற்றது. தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட்ட பின்னரும் ஒரு தந்தையார் எழாமல் அமர்ந்திருந்தார். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை அவர். பத்து காவான் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து நேரே பள்ளிக்கு வந்திருந்தார்.

"சார், பையன் கித்தார் கத்துக்கிறேன்னான். சரின்னு விட்டேன். இப்ப அவன் மாமா மகன்கிட்டேருந்து நாலு கம்பி கித்தார் ஒன்னத் தூக்கிட்டு வந்திருக்கான். ஆறு கம்பின்னாலும் பரவால்ல. நாலு கம்பில என்னா சார் பாட்டு வரும்? எல்லாரும் முன்னால நின்னு வாசிக்கிறப்ப, இவன் மட்டும் பின்னால நிக்கணுமா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்தக் கடைசிக் கேள்வியில் கித்தாரை விடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. அப்போது ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலே இக்கட்டுரை.

எனக்கும் அந்த நான்கு கம்பிகளுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கலை இரவுக்காக நண்பர்கள் இசைக்குழு அமைத்தபோது, முன்னணிக் கித்தாருக்கு மூவர் போட்டியிட்டனர். பேஸ் கித்தாரை ஏற்க ஒருவருமில்லை. எனவே அது என் கைக்கு வந்தது! லிவர்ப்பூலின் பீட்டில்ஸ் குழுவிலும் ஏறக்குறைய இதுவே நடந்தது என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1961-இல் விலகியபோது, அந்தக் கருவியை வேறு எவரும் விரும்பாததால் பால் மெக்கார்ட்னி ஏற்றுக்கொண்டார். ஹாம்பர்க்கில் அவர் வாங்கிய ஹோஃப்னர் கித்தார் 1972-இல் திருடு போய், அரை நூற்றாண்டுக்குப் பிறகு மீண்டும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அச்செய்தி 2024-இல் உலகெங்கும் பேசப்பட்டது. வேண்டாத கருவிக்கு அப்படியொரு வாழ்வு.

சரி, வரலாற்றுக்கு வருவோம். அந்நாளைய இசைக்குழுக்களில் அடிநாதம் தந்தது ஆளுயர டபுள் பேஸ். காரில் ஏற்றுவது கடினம். முரசும் ஊதுகருவிகளும் முழங்கினால் அதன் ஓசை அமுங்கிவிடும். வழுவழுப்பான அதன் கழுத்தில் விரல் சற்றே பிசகினாலும் சுரம் பிசகும். 1932-லேயே ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் மின்கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டனர். 1930களில் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றையும் செய்து பார்த்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடையிலிருந்து தொழிலதிபராக உயர்ந்த லியோ ஃபெண்டர், 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியை வெளியிட்டார். கணக்கியல் படித்த அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது என்பது சுவையான செய்தி.

'பிரிசிஷன்' என்றால் துல்லியம். வீணையில் நாம் மெட்டு என்கிறோமே, அதைப் போன்ற உலோகக் கட்டைகளைக் கழுத்தில் பதித்ததால் சுரம் பிசகாமல் நின்றது. அதனால்தான் அப்பெயர். கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலைந்து செப்புச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. அறிவியல் ஆசிரியர்கள் மின்காந்தத் தூண்டலை விளக்க இதைவிட இனிய எடுத்துக்காட்டு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

பேஸின் மிகத் தடித்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஆறு கம்பிக் கித்தாரின் தடித்த கம்பிக்கோ 82. சரிபாதி, அதாவது ஒரு தாயி கீழே. அதனால்தான் அது காதை விட நெஞ்சில் அதிகம் கேட்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் திடலில் மேடை போட்டு இசைக்குழு பாடிய காலத்தை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். மேடை கண்ணில் படுவதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் 'தும் தும்' என்று ஒன்று வந்து இடிக்கும். அது யார் வாசித்தது என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்காமல் விடப்பட்டவர்களில் தலையாயவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனம் 1960களில் வெளியிட்ட எண்ணற்ற வெற்றிப் பாடல்களில் ஒலிப்பது இவரது பேஸ்தான். வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே கம்பிகளை மீட்டுவார். அவ்விரலைக் 'கொக்கி' என்றே அழைத்தனர். கம்பிகளை மாற்றவும் மாட்டார். பழைய கம்பியில்தான் அந்த மந்தமான இனிமை இருக்கிறதாம். ஆனால் இசைத்தட்டு உறைகளில் இவர் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சேறியது. மோடவுன் தன் 25-ஆம் ஆண்டு விழாவை 1983-இல் கொண்டாடியபோது, நுழைவுச்சீட்டை வெளியில் விலைகொடுத்து வாங்கி, பின்வரிசையில் அமர்ந்து பார்த்தார் என்பர். அதே ஆண்டு ஆகஸ்டில் 47 வயதில் காலமானார். இதை எழுதும்போது கை சற்றே நின்றுவிடுகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூர் வந்து பாடினர். பின்னர் பீட்டில்ஸ் அலையும் சேர்ந்துகொள்ள, 1960களில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'பாப் யே யே' இசை பொங்கியெழுந்தது. ஒரு பாடகர், மூன்று கித்தார்கள், ஒரு டிரம். இத்தகைய குழுவுக்கு மலாய்மொழியில் 'குகிரான்' என்றே புதுச்சொல் பிறந்தது. 'விறுவிறுப்பான கித்தார் குழு' என்பதன் சுருக்கம் அது. மூன்று கித்தார்களில் ஒன்று கட்டாயம் பேஸ்.

அந்த அலையில் நம் பினாங்கில் முளைத்ததுதான் அலிகேட்ஸ். 1960களின் இறுதியில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறப்புகள் தொடங்கிய குழு. 1970களில் ஹாங்காங் வரை சென்று மேடையேறினர். பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடறிந்தனர். 'சென்யும்லா கோலாலம்பூர்' பாடலை அறியாத மலேசியர் அரிது. டத்தோ டேவிட்டின் சுருள்முடித் தோற்றத்தைச் சிறு குழந்தையும் அடையாளம் காட்டும். தமிழ்ப் பெயர் தாங்கிய இருவர், தம் பெயரை மாற்றிக்கொள்ளாமலே, மலாய்மொழிப் பாடகர்களாக நாட்டு மக்கள் அனைவரின் உள்ளத்திலும் இடம்பிடித்தனர். நம் வரலாற்றுப் பாடங்களில் இது ஒரு வரியாகவேனும் வரவேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம். 2007 ஜூன் 4-ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் லோகநாதன் மறைந்தார். அன்று ஆசிரியர் அறையில் மலாய், தமிழ் ஆசிரியர்கள் இருசாராரும் அவர் பாடல்களை முணுமுணுத்தது நினைவிருக்கிறது. ஆயினும் அக்குழுவில் பல்லாண்டுகளாக மாறி மாறி பேஸ் வாசித்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றால், அந்த ஆசிரியர் அறையில் அன்றும் எவராலும் சொல்லியிருக்க முடியாது.

சென்னையிலும் இதே நிலைதான். இசைஞானி இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளராகும் முன்னர், ஜி.கே.வெங்கடேஷ் முதலியோரிடம் கித்தார் வாசித்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். எனவே பேஸுக்கும் தம் கையாலேயே இசைக்குறிப்பு எழுதித் தருவார். வெறும் தாளத்துணையாக நில்லாமல், பாடகருக்கு எதிர்மெட்டாகத் தனிவழி செல்லும் அந்த ஒலிகளை நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். எங்கள் வீட்டு ஒலிநாடாக்களின் உறைகளில் நடிகர், பாடகர், கவிஞர் பெயரெல்லாம் கண்டிருக்கிறேன். சசிதரன் என்ற பெயரைக் கண்டதில்லை. 1990களில் ஏ.ஆர்.ரகுமான் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை உறையில் அச்சிடலானார். கீத் பீட்டர்ஸ் என்ற சென்னை பேஸ் கலைஞரை நாம் அப்படித்தான் அறிந்தோம்.

பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு. வழக்கமான பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். பதினொரு வயதுக் கை எட்டாது. 30 அங்குலத்தில் குட்டை வகை உண்டு. மெக்கார்ட்னியின் ஹோஃப்னரும் அவ்வகையே. விரல் நுனி முதலில் வலிக்கும், பிறகு தடித்துப் பழகும்.

சென்ற சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கைக்கு அம்மாணவன் கித்தாரைத் தூக்கி வந்தான். ஒலிபெருக்கி இல்லை. அதன் தலைப்பகுதியை என் மர மேசையில் அழுத்தி வைத்து மீட்டச் சொன்னேன். மேசை முழுவதும் அதிர்ந்தது. அழைத்துப்போக வந்த தந்தையார் வாசலிலேயே நின்றார்.

"என்னா சார் சத்தம்?"

மேசையில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். மகன் 'சென்யும்லா கோலாலம்பூர்' பாட்டின் அடிச்சுரங்களைத் தப்பும் தவறுமாக வாசித்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்து, கையை எடுக்காமலே, மெல்லிய குரலில் அவர் பாடத் தொடங்கினார்.