கரைந்தால்தான் மருந்து



‘கொயினா’ என்றதும் நம் பாட்டன்மாருக்கு நாக்கு கசந்துவிடும். பாலிக் புலாவ் மலையடிவாரமானாலும் கிள்ளான் சமவெளியானாலும், காய்ச்சலும் கொயினாவும் அன்றைய தோட்ட வாழ்வோடு ஒட்டியே இருந்தன. அக்கசப்புக்குள் இருக்கும் ஒரு வேதியியல் பாடத்தை இன்று காண்போம்.

சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் கொயினாவைப் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சுக்காரர்கள். தென்னமெரிக்காவில் வளர்ந்த அம்மரம் 1860இல் நீலகிரிக்கு வந்தது. நம் முன்னோர் பிறந்த தமிழகத்து மலையிலேயே அவர்களைக் காக்கும் மருந்தும் விளைந்தது.

மலாயாவில் காடழித்து ரப்பர் நட்டபோது, வெயில்பட்ட மலையோடைகளில் மலேரியாக் கொசு பெருகியது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்புநிலங்களை வடியச் செய்தார். தொழிலாளருக்குக் கொயினாவும் கொடுத்தார்.

விழுங்கிய மருந்து கரைந்தால்தான் குடலிலிருந்து இரத்தத்தில் சேரும். ஆனால் கொயினா சல்பேட் எளிதில் கரையாது. ஒரு பங்கு கரையச் சுமார் 800 பங்கு தண்ணீர் வேண்டும். சிறிது அமிலம் சேர்த்தால் விரைவில் கரையும். அதே கொயினாவை ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றினால் சுமார் 16 பங்கு தண்ணீரே போதும். மருந்து ஒன்றுதான், உப்பு மாறியதும் கரையும் குணமும் மாறிவிடுகிறது.

கரைசலாகக் கொடுத்தால் கசப்பு தாங்காது; மாத்திரையாக்கினால் விழுங்குவது எளிது. பொடியை அழுத்தி மாத்திரையாக்கும் முறைக்கு 1843இல் பிராக்கெடன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றார். ஆயினும் கல்லாய் இறுகிய மாத்திரை கரையாமலே வெளியேறிவிடக்கூடும். நோயாளி மருந்தை விழுங்கியிருப்பார், காய்ச்சலோ விடாது.

திடப்பொருள் கரையும் வேகத்தை 1897இல் அமெரிக்காவில் நோயஸ், விட்னி இருவரும் அளந்து ஒரு விதி கண்டனர். கற்கண்டையும் சீனியையும் தேநீரில் போட்டுப் பாருங்கள்; சீனி முந்திக் கரையும். துகள் சிறிதானால் தண்ணீர் படும் பரப்பு மிகும், கரைதலும் விரையும். இன்றைய மாத்திரைத் தொழிலும் இவ்விதியைக் கைக்கொள்கிறது.

அதற்காக எல்லா மாத்திரையையும் நாமே பொடித்துவிடலாகாது. சில மாத்திரைகள் வயிற்றில் கரையாமல் குடலில் கரையவும், சில மெல்ல மெல்லக் கரையவும் செய்யப்பட்டவை. மருந்தாளரைக் கேட்காமல் உடைக்க வேண்டாம். ஈரம் படாத இடத்தில் வையுங்கள்; ஈரம் மாத்திரையைக் கெடுக்கும்.

மனிதரிடையே பரவும் மலேரியா 2018இல் மலேசியாவில் உள்நாட்டுத் தொற்றாக ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குரங்கு மலேரியா மட்டும் இன்னும் நீங்கவில்லை. ஆகவே காட்டோரம் வேலை செய்பவர்கள் காய்ச்சல் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருத்துவர் சொன்ன மருந்தைச் சொன்னபடி உண்போம்.