துவக்கின் உயிர்நிலை

கறுவாத்தோட்டத்திலுள்ள கொழும்பு நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் இப்போது ஒரு சிறு பீரங்கியின் முன்னே சற்று நின்றே ஆகவேண்டும். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அப்பீரங்கி, 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக்கின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கவர்ந்து செல்லப்பட்டது. ஆம்ஸ்ரடாம் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்து, 2023இல் நாடு திரும்பியது. அதனுடன் வந்தவற்றுள் இரண்டு பெருந்துவக்குகளும் உள. 'லெவ்கே பீரங்கி' என்பது அதன் பெயர். லெவ்கே என்பவர் திசாவை. அதனை 1745இல் அரசனுக்குக் காணிக்கையாக அளித்தவர். வெள்ளவத்தையிலிருந்து நம்முடன் வந்த மாணவன் ஒருவன், "அப்படியானால் செய்தவரின் பெயர் என்ன?" என்று கேட்டான். நம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே பிறக்கிறது.

துவக்கு என்னும் சொல் துருக்கி மொழி வழிவந்தது. தமிழரும் சிங்களவரும் அதனைத் தத்தம் நாவுக்கேற்பத் திருத்தி ஏறக்குறைய ஒன்றாகவே வழங்குகின்றனர். சொல் கடல் கடந்து வந்ததேயாயினும் தொழில் இங்கே வேரூன்றிவிட்டது. போர்த்துக்கேயர் 1505இல் இத்தீவை அடைந்தனர். ஒரு நூற்றாண்டு முடிவதற்குள், கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியிட்ட தம் நூலில், சிங்களக் கைவினைஞர் செய்யும் துவக்குக் குழல்கள் வெள்ளிபோல ஒளிர்வன என்று வியந்து எழுதினார். ஆயுதத்தோடு வந்தவரே அவ்வாயுதத்தை ஈண்டுள்ளோரின் கையில் கண்டு வியக்க நேர்ந்தது.

இவ்வியப்புக்குக் காரணம் என்ன? நாட்டின் இரும்பு ஒன்று. சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய உலைகளை ஜில் ஜுலெஃப் என்னும் ஆய்வாளர் கண்டறிந்து 1996இல் உலகறியச் செய்தார். அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. மற்றொன்று கொல்லரின் கை. பலாங்கொடைப் பக்கத்தில் மறைந்துகொண்டிருந்த இரும்பு, உருக்குத் தொழிலை நேரிற் கண்டு எழுதிவைத்தவர், கொழும்பிற் பிறந்த நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவரது நூல், அரசரைப் போலவே ஆசாரியரையும் வரலாற்றின் மாந்தராகக் கொண்டது.

துவக்கொன்றைத் தெரிந்தெடுப்போன் எதனைப் பார்க்கவேண்டும்? செல்வர் கண்கள் முதலில் அடிக்கட்டையின் தந்தவேலையில் விழும். கொல்லனின் கண் அங்கே நில்லாது. குழலின் பின்வாய் எவ்வாறு அடைக்கப்பட்டுள்ளது, விசைப்பொறி எவ்வாறு பொருந்தியுள்ளது என்பனவற்றையே அவன் நோக்குவான். மருந்து வெடிக்கும்போது அதன் வேகம் முழுவதையும் தாங்குவது பின்வாய். அது நெகிழ்ந்தால் இறப்பவன் எதிரியல்லன், சுடுபவனே. 1543இல் தனேகஷிமாத் தீவில் போர்த்துக்கேயத் துவக்கைக் கண்ட யப்பானியக் கொல்லர் குழலைச் செய்துவிட்டனர் என்றும், பின்வாயை மூடும் திருகின் நுட்பம் மறுவருடம் போர்த்துக்கேயக் கொல்லன் ஒருவனிடம் கற்றபின்பே கைவந்தது என்றும் அந்நாட்டு மரபு கூறுகிறது. விசைப்பொறியின் வில்லும் அத்தகையதே. பதம் குறைந்தால் வளைந்தே கிடக்கும், மிகுந்தால் ஒடிந்துபோகும். ஒவ்வொரு பொறியும் அரத்தால் அராவிப் பொருத்தப்பட்டது. ஒரு துவக்கின் பொறி இன்னொன்றில் அமையாது. ஆக, துவக்கின் தரம் என்பது ஒரு தொழிலாளியின் பொறுமைக்கும் பொறுப்புக்கும் மறுபெயரேயாகும்.

அவ்வுழைப்பாளிக்குக் கிடைத்தது என்ன? கண்டி அரசில் கைவினைஞர் காணிக்கு ஈடாகச் சேவை செய்தனர். குலமே தொழிலை விதித்தது. மதுரை நாயக்கர் வழிவந்த அரசர் 1739 முதல் அரியணையில் இருந்தனர். பட்டறையிலோ சிங்களக் கொல்லர் வியர்த்தனர். ஆண்டவர் மொழி எதுவாயினும் உலைமுன் நின்றவனின் நிலை மாறவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1818இன் கிளர்ச்சி குருதியில் அடக்கப்பட்டது. 1832ஆம் ஆண்டின் ஆணை இராசகாரியத்தை நீக்கியது, அது விடுதலையே. ஆயினும் அரச பட்டறையும் இல்லை, அதற்கீடான தொழிலும் இல்லை. ஆலைச் சரக்கு கப்பலில் வந்து இறங்கியது. 1916ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டம் அனுமதியின்றித் துவக்குச் செய்வதைக் குற்றமாக்கியது. இன்று அக்கலையின் நிழலாக எஞ்சியிருப்பவை, காட்டுப்பன்றிக்கெனக் கட்டிவைத்து உழவனின் காலையே சிதைக்கும் கட்டுத்துவக்குகள்.

துவக்கைப் புகழ நாம் இதனை எழுதவில்லை. 1983 ஆடியில் இந்நகரம் எரிந்ததை அறிந்த வீடுகளிலும், 2009 வரை நீண்ட போரில் பிள்ளைகளை இழந்த வீடுகளிலும் அச்சொல் எவ்வாறு ஒலிக்கும் என்பது நமக்குத் தெரியும். எனினும் அஞ்சி வரலாற்றை மூடுவதால் சமாதானம் பிறப்பதில்லை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், விசைப்பொறியைத் தாங்கும் நடுவுடலையே துவக்காகக் கொண்டு அதில் இலக்கம் பொறிக்கச் சொல்கிறது. இன்னமும் உயிர்நிலை அங்கேதான். இலக்கம் உடையவனைத் தேடித்தரும். செய்தவனை எவரும் தேடுவதில்லை.

அவனைத் தேடுவது நம் வகுப்பறையின் கடமை. அடுத்தமுறை நூதனசாலைக்குச் செல்லும்போது மாணவரைப் பொன்பதித்த வாயருகே மட்டும் நிறுத்தாது, பின்வாயருகேயும் நிறுத்துவோம். இதனைக் கொடுத்தவன் யார், கொள்ளையிட்டவன் யார் என்பவற்றோடு, இதனைத் தாங்கியவன் யார் என்றும் கேட்கப் பழக்குவோம். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்து கேட்கவேண்டிய வினா அது.