வீட்டு நாயின் கழிவுப் பழக்கம்

வீட்டில் வளரும் நாய் சலமும் மலமும் கழிப்பதற்கு ஒதுக்கிய இடத்தை மட்டும் நாடும்படி பழக்குவது கழிவுப் பழக்கப் பயிற்சி எனப்படும். பயிற்சி முடிந்துவிட்டதென்று வீட்டார் எண்ணியிருக்கும் நாயும் சில வேளை விறாந்தையிலோ கட்டிலடியிலோ கழித்துவிடுவதுண்டு. பழக்கம் அரைகுறையாகப் படிந்திருத்தல், நோய், அச்சம் அல்லது பரபரப்பு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இதற்குக் காரணமாகும். நாய் வீட்டாரைப் பழிவாங்குகிறது என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. முற்றமில்லாத வீடுகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கொழும்புப் பகுதிகளில் பழக்கக் குறைபாடு எளிதில் உண்டாகிறது.

பழக்கம் படியும் விதம்

பிறந்த குட்டி தாய் நக்கித் தூண்டினால்தான் கழிக்கும். சுமார் 3 வாரத்தில் தானே கழிக்கத் தொடங்கி, அதற்காகப் படுக்கையை விட்டுச் சற்று விலகிப் போகும். படுக்கும் இடத்தை அசுத்தமாக்காத இந்த இயல்பே பயிற்சிக்கு அடித்தளம். ஏறக்குறைய 7 முதல் 9 வார வயதில், கழிக்கும்போது காலடியில் படும் பரப்பின் மீது குட்டிக்கு விருப்பம் ஏற்படுகிறது. மண்ணில் கழித்துப் பழகியது பின்னரும் மண்ணைத் தேடும்; கடுதாசியில் பழகியது கடுதாசியைத் தேடும்.

நகரச் சூழல்

பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொடிய நோய்களுக்கான தடுப்பூசித் தொடர் பொதுவாக 16 வார வயதளவில்தான் நிறைவுறும். அதுவரை ஊர்நாய்கள் திரியும் தெருவில் குட்டியை இறக்கிவிடுவது ஆபத்தானது. ஆகவே, பரப்பு மனத்தில் பதியும் பருவம் முழுவதையும் கொழும்புக் குட்டி ரைல்ஸ் தரையிலேயே கழிக்கிறது. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் தரைக்கு வர லிஃப்டையோ படிகளையோ நம்பவேண்டும். கொட்டாஞ்சேனையின் பழைய வரிசை வீடுகளில் வாசற்கதவைத் திறந்தால் நேரே ஒழுங்கைதான். இப்படி வளர்ந்த நாயை ஐந்தாம் மாதத்தில் முதன்முறை வெளியே கூட்டிச் சென்றால், அரைமணி நேரம் மோந்து திரிந்துவிட்டு, வீடு திரும்பியதும் தனக்குப் பழகிய தரையில் கழிக்கும்.

பல்கனியிலோ குளியலறை மூலையிலோ மண் அல்லது புற்பத்தை நிரப்பிய தாழ்வான தட்டை வைத்து, குட்டி வந்த நாளிலிருந்தே அதில் பழக்குவது இச்சிக்கலைத் தவிர்க்கும். பிற்பாடு வெளியில் மண்ணைக் காணும்போது அது நாய்க்குப் புதிதாக இராது.

பயிற்சி முறை

பகலில் குட்டி சலத்தை அடக்கக்கூடிய நேரத்தை, வயது மாதமொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று மதிப்பிடுவது வழக்கம். அடக்கும் ஆற்றல் பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்தில் உறுதிப்படுகிறது. தூங்கி எழுந்தவுடனும், விளையாடி முடிந்ததும், உண்ட பின் 5 முதல் 30 நிமிடத்துக்குள்ளும் குட்டியை உரிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்றில் உணவு சேர்ந்ததும் பெருங்குடல் இயங்கத் தொடங்குவதால் உணவு நேரம் ஒழுங்காக இருந்தால் மலம் கழிக்கும் நேரமும் ஒழுங்காகும்.

கழித்த மறுகணமே பாராட்டும் சிறு தின்பண்டமும் தரப்பட வேண்டும். வீட்டுக்குள் வந்த பின் கொடுத்தால் அதன் காரணம் நாய்க்குப் புரியாது. கவனிக்க ஆளில்லாத நேரத்தில் குட்டியை ஒரு சிறு அறையிலோ கூண்டிலோ விடலாம். மூக்கை அசுத்தத்தில் தேய்ப்பதும் அடிப்பதும் பயனற்றவை. அவற்றால் நாய் மனிதர் முன்னிலையில் கழிக்க அஞ்சி, மறைவிடம் தேடக் கற்றுக்கொள்கிறது.

துப்புரவு

சலத்திலுள்ள யூரியா சிதைந்து அமோனியா உண்டாகிறது. மனித மூக்குக்கு எட்டாத எச்சத்தையும் நாய் மோந்து அதே இடத்துக்குத் திரும்பும். வாசனைத் திரவியம் மணத்தை மூடுமேயன்றி நீக்காது. அமோனியா கலந்த துப்புரவுப் பொருள்கள் மணத்தை வலுப்படுத்தக்கூடும். நொதி கலந்த துப்புரவுத் திரவம் ஏற்றது. கடினத் தரைக்கு, தண்ணீர் சேர்த்த வினாகிரியும் ஓரளவு உதவும். குளோரின் வெளுப்பான் சலத்தின் அமோனியாவுடன் சேர்ந்து நச்சு வாயுவை உண்டாக்கும்.

நோய்கள்

ஒழுங்காக இருந்த நாய் திடீரென வீட்டினுள் கழிக்கத் தொடங்கினால் முதலில் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். சலப்பாதைத் தொற்று, சலப்பைக் கல், நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவை சலம் கழிக்கும் தடவையையோ அளவையோ கூட்டுகின்றன. ஸ்டீரொய்ட் மருந்துகளும் அவ்வாறே. சூலகம் நீக்கிய பெண் நாய்கள் சிலவற்றில் ஈஸ்ட்ரஜன் குறைவதால் சலக்குழாய்த் தசை தளர்ந்து தூக்கத்தில் சலம் கசியும். உண்ணி பரப்பும் பபேசியா நோயில் சலம் கருஞ்சிவப்பாகலாம். எலிக்காய்ச்சல் கண்ட நாயின் சலம் மனிதருக்கும் அந்நோயைத் தொற்றவைக்கும். அதைத் துடைப்பவர் கையுறை அணிவது அவசியம். முதிர்ந்த நாய்கள் சில, மூளை ஆற்றல் குன்றி, பழகிய இடத்தையே மறந்துவிடுகின்றன.

அச்சமும் பரபரப்பும்

வீட்டார் வேலையால் திரும்பும்போது குட்டி பணிந்து சிறிது சலம் விடுவது பயிற்சிக் குறை ஆகாது. வந்தவுடன் அதைக் கொஞ்சாமலும் அதட்டாமலும் இருந்தால் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். சுவரோரங்களில் சிறிது சிறிதாகச் சலம் தெளிப்பது எல்லை குறிக்கும் செயல். ஆண் நாய்க்கு விதை நீக்கினால் பல வேளைகளில் இது குறையும். தனியே விடப்படும்போது மட்டும் கழித்து, கதவையும் பிறாண்டும் நாய்க்குப் பிரிவுப் பதற்றம் இருக்கலாம். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி வெடிச்சத்தமும் ஒக்டோபர், நவம்பர் மாத மாலை இடிமழையும் சில நாய்களை வெளியே போக மறுக்கச் செய்கின்றன. அத்தகைய நாட்களில் உள்ளே வைக்கும் மண்தட்டு உதவும்.

வெளியே கூட்டிச் செல்லல்

வெள்ளவத்தையில் கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையே ரயில் பாதை ஓடுவதால் கடற்கரைக்குக் கூட்டிச் செல்லும் நாயை வாரில் பிடித்திருக்க வேண்டும். மலத்தில் வட்டப்புழு முட்டைகள் இருக்கக்கூடும். அவை மண்ணில் சில வாரங்களில் முதிர்ந்து சிறுவருக்குத் தொற்றும். மலத்தை உடனே பையில் அள்ளி அகற்றுவதும் காலந்தோறும் புழுமருந்து கொடுப்பதும் இதைத் தடுக்கும்.

மறுபயிற்சி

நோய் இல்லையென உறுதியான வளர்ந்த நாய்க்குக் குட்டிக்குரிய ஒழுங்கே முதலிலிருந்து மீண்டும் தொடங்கப்படும். பரப்பை மாற்ற வேண்டுமானால் பழைய கடுதாசியின் மேல் மண்ணைத் தூவி, நாளுக்கு நாள் மண்ணைக் கூட்டி, தட்டை வாசலை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்துவர். சலக்குழாய்த் தசை தளர்ந்த அல்லது முதிர்ந்த நாய்க்கு மருந்தும், உள்ளேயே நிலையான ஓரிடமும், சலம் உறிஞ்சும் விரிப்பும் தேவைப்படலாம்.