மறைக்காத மடிப்பு

சென்ற இதழில் புகாட்டியின் ராயல் காரைப் பார்த்தோம். அதில் ஒன்றை வாங்கிய துணி வியாபாரி அர்மான் எஸ்டர்ஸ், தான் இரவில் வண்டி ஓட்டுவதில்லை என்று சொல்லிவிட்டதால், ஹெட்லைட்டே இல்லாமல் அவருக்குக் காரைச் செய்து கொடுத்தார்கள். அந்தக் காரை வடிவமைத்தவர் முதலாளி எத்தோரே புகாட்டி அல்ல, அவருடைய மகன் ழான். அப்போது அவருக்கு இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது.

ழானின் தாத்தா கார்லோ மரச்சாமான்களை வடிவமைத்தவர். சித்தப்பா ரெம்ப்ராண்ட் விலங்குகளை வெண்கலத்தில் வடித்த சிற்பி. அந்த வீட்டுப் பிள்ளை கார் பக்கம் வந்தது, அல்சேஸ் பகுதியில் மோல்ஷைமில் இருந்த அப்பாவின் தொழிற்சாலை வழியாக.

அந்நாளில் பெரிய கார் வாங்கும் முறையே வேறு. கம்பெனியிடம் சேஸிஸும் எஞ்சினும் ரேடியேட்டரும் வாங்கி, பாடி கட்டத் தனிப் பட்டறைக்கு அனுப்புவார்கள். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் கையால் தட்டி வளைத்த தகட்டைப் போர்த்துவார்கள். குதிரை வண்டி கட்டியவர்களிடமிருந்து வந்த தொழில் அது. பாரிஸில் சாவுச்சிக், ஃபிகோனி போன்ற பட்டறைகள் இதில் கொடிகட்டிப் பறந்தன. ழானோ, 1934இல் வந்த டைப் 57 காருக்குத் தொழிற்சாலைக்குள்ளேயே பாடி வடிவமைத்தார். 3,257 சிசி, ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர். அதற்கு ஏற்ற உடம்பையும் தானே யோசித்தார்.

1935 பாரிஸ் கண்காட்சிக்கு அவர் கொண்டுவந்த கார் ஏரோலித். அதன் தகடு எலெக்ட்ரான் எனும் மக்னீசியக் கலவை. எடை குறைவு, ஆனால் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். எனவே பாடியை இடது, வலது என இரண்டு பாதிகளாகச் செய்து, சேரும் ஓரங்களை வெளிப்பக்கம் மடித்து, வரிசையாக ரிவிட் அடித்தார்கள். நெற்றியிலிருந்து வால்வரை ஒரு துடுப்பு போல அந்த மடிப்பு எழுந்து நின்றது. மட்கார்டுகளிலும் அதே மடிப்பு, அதே ரிவிட்.

அடுத்த ஆண்டு அட்லாண்டிக் வந்தது. தென் அட்லாண்டிக் கடலின்மேல் விமானத்தோடு மறைந்த ழான் மெர்மோஸின் நினைவாக வைத்த பெயர் என்பார்கள். இதன் பாடி அலுமினியம். தாராளமாக வெல்டிங் செய்யலாம், ரிவிட்டுக்கு அவசியமே இல்லை. ஆனாலும் ழான் அந்த மடிப்பைக் கைவிடவில்லை.

கூரைவரை வெட்டிய கதவுகள், நடுவில் பிரிந்த முன்கண்ணாடி, அவரைவிதை வடிவ ஜன்னல்கள் என்று இந்தக் காரில் பார்க்க எவ்வளவோ உண்டு. என் கண் போய் நிற்பது அந்த மடிப்பில்தான். ஃபிகோனியின் கார்களில் ஓடும் குரோமியக் கோடுகளும் அழகுதான். அவை தகட்டின்மேல் பிறகு ஒட்டிய அழகு. இங்கே இரண்டு தகடுகள் சேரும் இடமே அலங்காரமாகிவிட்டது. இரு போர்களுக்கிடையே ஐரோப்பாவில் பிறந்த கார்களில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் சொல்லமாட்டேன்.

மொத்தம் கட்டியது நான்கே. முதலாவது விக்டர் ரோத்ஸ்சைல்டுக்குப் போனது. ஒன்றின்மேல் 1955இல் ரயில் மோதியது. நொறுங்கியதைப் பிறகு மறுபடி கட்டினார்கள்.

1939 ஆகஸ்ட் 11. லெ மான் பந்தயத்தில் அப்போதுதான் வென்றிருந்த டைப் 57 ரேஸ் காரைத் தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சாலையில் ழான் ஓட்டிப் பார்த்தார். சைக்கிளில் குறுக்கே வந்தவர்மேல் மோதாமல் திருப்பியதில் கார் மரத்தில் மோதியது. அவருக்கு 30 வயது. மூன்றே வாரத்தில் போர் மூண்டது. அவர் தனக்காக வைத்திருந்த கறுப்பு அட்லாண்டிக் அந்தப் போர்க்காலத்தில் காணாமல் போனது, இன்றுவரை அகப்படவில்லை.

சேஸிஸே இல்லாமல் கார் கட்டிக் காட்டிய இத்தாலியர் வின்சென்சோ லான்சியாவை அடுத்த இதழில் சந்திப்போம்.